எடை குறைந்த ஆம்ப், இரண்டு ஊர் கரண்ட்

வளைகுடாவில் வளர்ந்த நம்மைப் போன்ற பிள்ளைகளுக்குக் கிலோ கணக்கு சின்ன வயதிலேயே வந்துவிடும். ஊருக்குப் போகும் முந்தைய இரவு பெட்டியைக் கைத்தராசில் தொங்கவிட்டு, டாங் டப்பாவை வெளியே எடுப்பதா, தம்பியின் ஷூவை எடுப்பதா என்று வீடே சண்டை போடும். அதனால்தானோ என்னவோ, ஆம்ப் வாங்கப் போனபோதும் நான் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை கிலோ?"

நான் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நான்கு கால் உள்ள சின்ன மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பிகள். விரலால் அழுத்துவதில்லை, ஓர் இரும்புத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்க வேண்டும். கீழே உள்ள பெடல்களை மிதித்தாலோ, முழங்காலால் நெம்புகோலைத் தள்ளினாலோ கம்பியின் சுருதி மாறும். 1954-ல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி மிதித்து வாசித்த பிறகுதான் அமெரிக்கக் கண்ட்ரி இசையில் இந்த ஓசை நிலைத்தது. தஹ்ரானில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கரிடம் பழையதாக வாங்கினேன். பெட்டியோடு 24 கிலோ.

"இது நம்ம வாத்தியம் இல்லையே" என்று நண்பர்கள் கேட்பார்கள். வழுக்கி வாசிப்பது நமக்குப் புதிதா என்ன? கோட்டு வாத்தியம் என்கிற சித்திரவீணையில் மெட்டுகளே கிடையாது. ஒரு கட்டையைத் தந்தியில் வழுக்கித்தான் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கச்சேரி செய்தார். ஹவாய்க்காரரான டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி ஸ்டீல் கிட்டார் வாசித்தார். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்துக் காட்டினார். விஸ்வ மோகன் பட் 1994-ல் கிராமி விருதே வாங்கினார். இவர்கள் யாரும் பெடலை மிதிக்கவில்லை. ஆனால் வழுக்கும் ஓசை ஒரே குடும்பம்தான்.

சரி, ஆம்புக்கு வருவோம். ஸ்டீல் வாசிப்பவர்கள் விரும்பும் பழைய ஆம்புகளில் ஒன்று ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். 85 வாட், வால்வு போட்டது, ஓசை தேன். எடை சுமார் 29 கிலோ! ஒருவர் விற்கிறார் என்று பார்க்கப் போனபோது அப்பாவும் கூட வந்தார். அவர் எலக்ட்ரீஷியன். ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மக்ளே, இதைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுவியா? நம்ம பில்டிங்ல லிஃப்ட் இருக்கா?"

பிறகு பெட்டியின் பின்பக்கம் குனிந்து அங்கிருந்த எழுத்தைப் படித்தார். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "இங்க ஓடும். நாகர்கோவில்ல என்ன செய்வ?"

அந்தக் கேள்வியின் கனம் 29 கிலோவுக்கும் மேல். 2017-ல் சவூதியில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு நூறு கூடி 2020-ல் 400 ஆனது. எத்தனையோ வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அம்மாவும் தம்பியும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் ஊரில் கல்லூரி முடித்து, வேலை கிடைத்து மறுபடி தம்மாமுக்கு வந்தவன். அப்பாவுக்கு ஃபைனல் எக்ஸிட் தூரத்தில் இல்லை. இங்கே பிறந்தாலும் வளர்ந்தாலும் நம் இருப்பு இகாமா காலாவதித் தேதி வரைதான். இங்கே வாங்கும் எதுவும் ஒருநாள் விமானம் ஏற வேண்டும்.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். தம்மாமின் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் பிளக்கும் 220 வோல்ட் பிளக்கும் ஒரே சுவரில் இருக்கும்; இப்போது 230-க்கு மாறி வருகிறார்கள். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120 வோல்ட் ஆம்பை ஊரில் நேராகச் செருகினால் புகைதான். ஸ்டெப் டவுன் போட்டாலும் வோல்ட் மட்டும்தான் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கென்று அளவாகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சூடாகும்.

ஆம்ப் ஏன் கனக்கிறது? காரணம் மூன்று: டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள இரும்பும் செம்பும், ஸ்பீக்கரின் காந்தம், பெட்டியின் மரம். பழைய ஃபோன் சார்ஜர் செங்கல் மாதிரி இருந்ததும் இப்போது தீப்பெட்டி மாதிரி இருப்பதும் நினைவிருக்கிறதா? அதே மாற்றம்தான் இங்கேயும். புதிய பவர் சப்ளை கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும். வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாகும். ஸ்பீக்கரில் ஃபெரைட்டுக்குப் பதில் 1980-களில் கண்டுபிடித்த நியோடிமியம் காந்தம் வந்தால் சில கிலோ குறையும். கிளாஸ் டி என்ற வகை ஆம்ப் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவதும் குறைவு. தம்மாம் ஆகஸ்டில் இது சின்ன விஷயமில்லை.

எடையைக் குறைக்கிறோம் என்று வாட்டையும் குறைத்துவிடக் கூடாது. ஸ்டீல் வாசிப்பவரின் வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். கம்பியை மீட்டும்போது பாதி அளவு. ஓசை தேயத் தேயக் காலால் ஏற்றிக்கொண்டே போவோம். ஸ்வரம் நீண்டு நிற்பது அதனால்தான். பலமாக மீட்டும் நேரத்தில் ஆம்பிடம் மிச்சம் இல்லை என்றால் ஓசை கரகரக்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே ஃபிளாட்டில் மெதுவாக வாசிக்கச் சின்ன ஆம்ப் போதும். டிரம்ஸோடு வாசிக்க அது போதாது.

கடைசியில் நான் எடுத்தது இரண்டு துண்டு. ஒன்றரைக் கிலோவில் 200 வாட் ஹெட் ஒன்று; நியோடிமியம் காந்தம் போட்ட 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, 9 கிலோ. வாங்குமுன் கடையில் ஒரே சோதனைதான் செய்தேன்: உச்சியில் ஒரு ஸ்வரத்தை மீட்டி, அது சாகும்வரை காலால் ஏற்றிக் கேட்டேன். காதைக் குத்தவில்லை, கரகரக்கவும் இல்லை. ஹெட்டின் பின்னால் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தது.

அப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "இது கெட்டா யாரு பார்ப்பா? பழசுன்னா ஊர்ல ரேடியோ மெக்கானிக்கே சரி பண்ணிடுவான். இது போர்டையே மாத்தச் சொல்லுவான்." அவர் சொன்னது சரிதான். ட்வினின் அந்தத் தேன் ஓசையும் இதில் இல்லை. எடை குறைந்ததற்கு நான் கொடுத்த விலை அது. தெரிந்தேதான் கொடுத்தேன்.

போன விடுமுறைக்கு ஸ்டீலை லக்கேஜில் போட்டு, ஹெட்டைத் தோள்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஸ்பீக்கர் பெட்டி தம்மாமிலேயே இருந்தது. தெருமுனை மைக்செட் அண்ணனிடம் ஒரு 8 ஓம் பெட்டி இரவல் வாங்கினேன் (உங்கள் ஹெட் எத்தனை ஓம் தாங்கும் என்று பார்க்காமல் எந்தப் பெட்டியையும் செருகாதீர்கள்). நாகர்கோவில் கரண்டில் விளக்கு எரிந்தது. பெடலை மிதித்து ஒரு ஸ்வரத்தை வழுக்கினேன்.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் ஃபோனில்தான் கேட்டிருக்கிறாள்.

"வீணை மாதிரில்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமா வை மக்கா."

200 வாட் இருந்தது. வைத்தேன்.