முள்ளும் எலும்பும் சொல்லும் கணக்கு

மட்டக்களப்பு என்றதும் பாடும் மீனைப் பேசாதவர் இல்லை. புளியந்தீவுக்கு வருவோர் நிலவொளியில் தோணியேறி, நீரில் ஊன்றிய துடுப்பிற் காதை வைத்துக் கேட்பதும் உண்டு. இங்கே கூற வந்தது பாடாத மீனைப் பற்றி. உண்டு கழித்த மீனின் முள்ளைப் பற்றி.

போர்த்துக்கேயர் 1628-ல் கட்டி, 1638-ல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இங்கே வாவிக்கரையில் நிற்கின்றது. கல் நிலைத்துவிட்டது. பழங்குடியிருப்புகளில் மாந்தர் எதை உண்டனர் என்பதற்கோ மண்ணிற் புதைந்த எலும்பே சாட்சி. அச்சாட்சியை எண்ணித்தான் விசாரிக்க வேண்டும், எண்ணுவதோ எளிதன்று.

ஒரு பழைய குப்பைக் குழியிற் கொடுவா மீனின் முதுகெலும்புக் கணுக்கள் ஐம்பதும், மானின் தொடையெலும்புகள் மூன்றும் அகப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். மீனே மிகுதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு கொடுவாவுக்குக் கணுக்கள் ஏறக்குறைய இருபத்தைந்து. ஐம்பதும் இரண்டு மீனுக்குள் அடங்கிவிடலாம். தொடையெலும்புகளில் இரண்டு இடக்காலுக்குரியவையாயின், மானும் இரண்டுக்குக் குறையாது. ஐம்பதுக்கு மூன்று என்றிருந்தது இரண்டுக்கு இரண்டாகிவிட்டதே! இவ்வாறு இடம் வலம் பிரித்து எண்ணும் முறையை அமெரிக்காவில் தியோடோர் வைட் 1953-ல் விளக்கினார். இதிலும் குறையுண்டு. ஒற்றை எலும்பு கிடைத்த முயலும் ஒரு முழு விலங்காகக் கணக்கில் ஏறிவிடும். ஆகையால் ஆய்வாளர் இரு கணக்கையும் அருகருகே வைத்தே பார்ப்பர்.

சல்லடையும் பொய் சொல்லும். கண் பெரிதானால் சிறு மீன்முள் நழுவிப்போம். வாவிக்கரையில் வாழ்ந்தோர் மீனையே தொடவில்லை என்று முடிவு கட்ட நேரிடும்! இறாலின் மெல்லோடோ மண்ணில் நிலைப்பதே அரிது.

இத்தகைய எண்ணிக்கை நம் நாட்டில் ஒரு பழங்கருத்தையே புரட்டியிருக்கின்றது. அடர்ந்த மழைக்காட்டில் ஆதி மனிதர் நிலைத்து வாழ்தல் அரிது என்று பலர் எண்ணியிருந்தனர். களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் எடுத்த 14,000-க்கு மேற்பட்ட எலும்புத் துண்டுகளை ஆராய்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டனர். இனங்கண்ட எலும்புகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு குரங்குகளுக்கும் மரஅணில்களுக்கும் உரியவை; பெரும்பாலும் முழு வளர்ச்சி பெற்றவை. மரத்துக்கு மரம் தாவும் பிராணியை ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பே குறிவைத்து வேட்டையாடியிருக்கின்றனர். எனினும் ஒரு காட்டுப்பன்றியின் இறைச்சி எத்தனையோ அணிலுக்கு ஈடு என்பதையும் மறக்கலாகாது.

நம் பக்கத்திற் கிணறு வெட்டும்போது பானையோடு வந்தால் எடுத்து வைப்பார் சிலர் உளர். எலும்பை எடுத்து வைப்பார் அரியர். எடுத்தாலும், எத்தனை முழ ஆழத்தில், எந்த மண்ணடுக்கிற் கிடைத்தது என்று குறித்து வைக்காவிட்டால், நூறாண்டுக்கு முந்திய ஆட்டெலும்பும் ஆயிரமாண்டுக்கு முந்திய மானெலும்பும் ஒரே பெட்டியிற் கலந்துவிடும். பின்னர் எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரித்தறிதல் கடினம்.