தொழில்: இல்லத்தரசி

ஒரு வேளைத் தேநீருக்கு ரூ. 8,260 செலவழித்தது என் வாழ்வில் ஒரே ஒரு முறைதான். 2019 டிசம்பர். மத்திய தில்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டல். வெளியே பனிமூட்டம், உள்ளே பியானோ. மூன்றடுக்குத் தட்டில் விரல் நீள சாண்ட்விச்சுகளும், நம்மூர் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் நிற்கிற ஸ்கோன் என்ற பண்டமும் வந்தன. நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா என நான்கு பேர். ஆளுக்கு ரூ. 1,750, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அன்று காலைதான் எங்கள் வீட்டுப் பத்திரம் பதிவாகியிருந்தது. இருபத்தோரு ஆண்டு தில்லி வாழ்க்கையில் ஏழாவது வீடு. முதல் சொந்த வீடு. கொண்டாடியே ஆக வேண்டும் என்று மகள்தான் இழுத்து வந்தாள்.

அம்மா ஸ்கோனைப் பாதியில் வைத்துவிட்டாள். ரொட்டி வைத்திருந்த பிரம்புக் கூடையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். "அடி சரியா போடலை. ஆறு மாசம் தாங்காது" என்றாள். பில் வந்ததும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அப்போது எனக்கு மொழிபெயர்ப்புக் கூலி சொல்லுக்கு ஒரு ரூபாய். எனவே 8,260 சொற்கள். அம்மாவும் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். "இன்னைய விலைக்கு இருபது கூடை" என்றாள் மெதுவாக.

தமிழில் சொல்லுக்குக் கூலி வாங்குவது நஷ்ட வியாபாரம். ஆங்கிலத்தில் ஆறேழு சொல் தேவைப்படுவதை 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆயிரம் சொல் கொண்ட ஆங்கிலக் கட்டுரை தமிழில் எழுநூறாகச் சுருங்கும். கூலியும் கூடவே சுருங்கும். இந்திக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அவருடைய 'கா'வும் 'கே'யும் 'ஹை'யும் தனித்தனிச் சொற்கள், தனித்தனிக் காசு. இருபது வருடம் இது தெரிந்தும் நான் வாய் திறந்ததில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு வேலை கிடைத்ததே பெரிது என்ற எண்ணம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புத்தாண்டு பிறக்கும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லா உரிமையாளர்களும் பதினோரு மாதத்துக்கே எழுதுவார்கள். கரோல்பாகில் எங்கள் முதல் வீடு ஒரு பர்சாத்தி, அதாவது மொட்டை மாடி அறை. ஜூனில் தட்டை அடுப்பில் வைக்காமலே தோசை வார்க்கலாம் போலிருக்கும். நாற்பது வயது தாண்டியதும் பெட்டி கட்டும் தெம்பு போய்விட்டது.

வீடு தேடப் புறப்பட்டபோது எனக்குப் புதிய அகராதி ஒன்று கிடைத்தது. முன்பணம் 'பயானா', கிரயப் பத்திரம் 'பைநாமா', சுவாதீனம் 'கப்ஸா', அதிகாரப் பத்திரம் 'முக்தார்நாமா'. பாரசீகமும் அரபியும் தில்லியின் பத்திரப்பதிவு அலுவலகங்களில் இன்னும் குடியிருக்கின்றன. நாம் மட்டும் என்ன? வாரிசு, ஜாமீன், பாக்கி, வசூல் எல்லாம் அதே வழியாக வந்து தமிழில் சொந்த வீடு கட்டிக்கொண்ட சொற்கள்தானே.

அகராதி தெரிந்தது பல முறை காப்பாற்றியது. "விலை குறைவு, ஜி.பி.ஏ. மட்டும்தான்" என்று ஒரு தரகர் ஆசை காட்டினார். அதிகாரப் பத்திரத்தை வைத்து வீட்டை விற்றதாகச் சொன்னால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தீர்ப்பளித்துவிட்டது. இன்னொரு வீடு தில்லி வளர்ச்சி ஆணையத்தின் குத்தகையிலேயே இருந்தது. முழு உரிமையாக மாற்றப்படவில்லை. பதினாறு வீடு பார்த்த பிறகு மயூர் விஹார் மூன்றாம் பகுதியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. லிஃப்ட் கிடையாது. ரூ. 58 லட்சம். அந்தப் பக்கம்தான் காஜிபூர் இருக்கிறது. அங்கே 1984 முதல் தில்லி கொட்டிய குப்பை மலையாக நிற்கிறது. 2019ல் அதன் உயரம் 65 மீட்டர். காஜிபூரில்தான் தில்லியின் மொத்தப் பூச்சந்தையும். எந்த வாசனை வரும் என்பதைக் காற்று தீர்மானிக்கும்.

வீடு யார் பெயரில்? அப்போது தில்லியில் முத்திரைத்தாள் கட்டணம் ஆணுக்கு 6 சதவீதம், பெண்ணுக்கு 4, இருவர் பெயரிலும் என்றால் 5. என் பெயரில் மட்டும் வாங்கினால் ரூ. 1,16,000 மிச்சம். ஆனால் வட்டிக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமானால் கணவரும் உரிமையாளராக இருக்க வேண்டும். கூட்டிக் கழித்து இருவர் பெயரிலும் பதிவதென்று முடிவாயிற்று. வாங்குகிறவரே 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற விதியையும் நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். ரூ. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீடுகளுக்கு அந்த விதி.

கடன் விண்ணப்பத்தோடு வங்கியின் முகவர் வீட்டுக்கு வந்தார். இணை உரிமையாளர் என்பதால் என் கையெழுத்தும் வேண்டும். என் தொழில் என்ன என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். "டிரான்ஸ்லேட்டர், வீட்டிலிருந்தே" என்றார் கணவர். முகவர் சிரித்தார். "மாதச் சம்பளம் இல்லையே சார். இதையெல்லாம் எழுதினால் ஃபைல் திரும்பி வரும். ஹவுஸ் ஒய்ஃப் என்று போட்டுவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டார். வருமானம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. நான் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

முகவர் மீது எனக்குக் கோபமில்லை. என் மீதுதான். ஏனென்றால் விற்றவருக்குக் கொடுத்த பயானா, ரூ. 3,40,000, முழுவதும் என் பணம். ஆண்டுக்கணக்கில் சொல் சொல்லாகச் சேர்த்தது. இந்தப் பணத்துக்குத் தமிழில் அழகான பெயர் உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தோ கைவேலை செய்தோ பெண்கள் அரிசிப் பானையில் ஒளித்து வைக்கிற பணம். ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் இல்லையென்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் 'சிறு' இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

என்னைப் படிக்க வைத்ததும் சிறுவாடுதான். எண்பதுகளில் அப்பாவின் மில் மூடிக் கிடந்த மாதங்களில் அம்மா பிளாஸ்டிக் ஒயர் கூடை பின்னினாள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எத்தனையோ முடிச்சுகள். ஒயரைச் சம நீளத்தில் வெட்டி, இரண்டாக மடித்து, அடி போட்டு ஏற்ற வேண்டும். அடி சதுரம் கோணினால் கூடை கடைசிவரை கோணல்தான். விரல் நுனிகள் சிவந்து காய்த்திருக்கும்.

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய அன்றிரவு, "பேப்பரையெல்லாம் படிச்சுக் காட்டு" என்றாள் அம்மா. எட்டாவது வரை படித்தவள், ஆங்கிலம் தெரியாது. பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு கடன் விண்ணப்பத்தின் நகல். என் பெயர், வயது, இன்னாரின் மனைவி, முகவரி. அம்மா நிமிர்ந்தாள். "ஏண்டி, நடுவுல ஒண்ணை முழுங்கிட்டே?"

சொன்னேன். அவள் எதுவும் பேசவில்லை. மகள்தான், "ஏம்மா அடிச்சு எழுதலை?" என்றாள்.

2020 தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினோம். மார்ச் கடைசியில் அம்மாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தோம். ஊரடங்கு வந்தது, ரயில்கள் நின்றன. பெட்டியில் புடவைகளுக்கு அடியில் அவள் கொண்டுவந்திருந்த ஒயர் கட்டுகள் வெளியே வந்தன. ஆன்லைன் வகுப்புக்கு நடுவே மகள் பின்னக் கற்றுக்கொண்டாள். அவளுடைய முதல் மூன்று கூடைகளும் அடி கோணி, பிரிக்கப்பட்டன. பால்கனியில் தொங்கிய சிவப்பு மஞ்சள் கூடையைப் பார்த்து எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி, "மாதாஜி, எனக்கொன்று கொடுங்களேன்" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டார்.

கொடுத்துவிடலாம் என்று நான் எடுக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தாள். "நானூறு ரூபான்னு சொல்லு."

"அம்மா, பக்கத்து வீடு. இப்பத்தான் பழகியிருக்கோம்."

"பழகினா ஒரு டம்ளர் காபி குடுப்பேன். இது ரெண்டு நாள் வேலை." எனக்காகக் காத்திருக்காமல் நான்கு விரல்களைக் காட்டி, "நூறு, நூறு, நூறு, நூறு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்ப் பணம் எடுத்து வந்தார். பிறகு மேலும் இரண்டு கூடைகளுக்குச் சொல்லிவிட்டார். பழக்கமும் கெடவில்லை. அம்மா ஊர் திரும்பிய பிறகும், "மாதாஜி எப்படி இருக்கிறார்?" என்று என்னைவிட அவரையே விசாரிக்கிறார்.

அந்த வாரமே எனக்கு வழக்கமாக வேலை தருகிறவர்களுக்குக் கடிதம் எழுதினேன். இனி தமிழ்ச் சொற்களை அல்ல, மூல ஆங்கிலச் சொற்களை எண்ணிக் கூலி தர வேண்டும் என்று. நாலு வரிக் கடிதம். எழுத அரை நாள் ஆயிற்று. இருவர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. அந்த வேலை போயிற்று.

2021ல் வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போனோம். மீண்டும் அதே கட்டங்கள் கொண்ட விண்ணப்பம். அங்கிருந்த இளைஞர் பேனாவை எடுத்ததும், "நானே நிரப்புகிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். தொழில்: மொழிபெயர்ப்பாளர். கூடவே மூன்று வருட வருமான வரிக் கணக்குகளை வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்து, கணினியில் தட்டி, என் வருமானத்தையும் சேர்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "மேடம், போன தடவை இதை ஏன் காட்டவில்லை?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். "படிச்சுக் காட்டு" என்றாள். பெயர், வயது, இன்னாரின் மனைவி, தொழில், வருமானம், முகவரி. இந்த முறை எதையும் விழுங்கவில்லை.