கல்லீரலைக் காத்த மாத்திரை

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு வாரமா பதிவு எதுவும் போடல. இன்னிக்கு மொக்கை இல்ல மக்களே, கொஞ்சம் சீரியஸ்.

என் சித்தப்பாவுக்கு ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு எழுதுற வேலை. ஒன்பது வருஷம் முன்னாடி அவரோட கல்லீரல் கெட்டுப்போச்சு. சித்தி தன் கல்லீரல்ல ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாத்தினாங்க. கல்லீரல் திரும்ப வளரும்ங்கிறதால சித்தியும் நல்லா இருக்காங்க. கதை சுபம்னு இருந்தோம். இப்போ சித்தப்பாவுக்கு சிறுநீரகம் ரெண்டும் போச்சு. வாரம் மூணு நாள், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துல டயாலிசிஸ்.

முக்கியமான காரணம், கல்லீரலைக் காப்பாத்துற அதே மாத்திரை! பேரு டாக்ரோலிமஸ். 1984-ல ஜப்பான்ல மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியாவுல கண்டுபிடிச்சாங்க. புது உறுப்பை உடம்பு தாக்காம இது தடுக்கும். ஆனா சிறுநீரகத்துக்குள்ள இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; வருஷக்கணக்கா சாப்பிட்டா அங்க தழும்பு விழும். கூட சர்க்கரை, பிரஷர் இருந்தா இன்னும் மோசம். ஒரு பக்கை சரி பண்ணப் போட்ட பேட்ச், இன்னொரு மாட்யூலைக் கவுத்த கதை தான். 2003-ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணுல, கல்லீரல் மாற்றினவங்கள்ல 5 வருஷத்துக்குள்ள சுமார் 18 சதவீதம் பேருக்கு சிறுநீரகம் கடுமையா பழுதாகி இருந்துச்சு.

மாத்திரையை நிறுத்தினா கல்லீரல் போயிடும். அளவைக் குறைச்சு, கூட வேற மருந்து சேர்க்கலாம். அதை கிரியேட்டினின் ஏற ஆரம்பிக்கும்போதே செய்யணும். சித்தப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டியாச்சு. இனி மாற்று சிறுநீரகம் தான். ஏற்கனவே இன்னொருத்தர் உறுப்பு உள்ள இருக்கிறதால, எதிர்ப்புப் புரதங்கள் உருவாகி பொருத்தம் கிடைக்கறதும் கஷ்டமாகலாம்.

1994 சட்டப்படி மகன் கொடுக்கலாம். தம்பி ரெடியா நிக்கிறான். சித்தப்பா தான் ஒத்துக்கல.

"உங்க சித்தி கொடுத்தது வளந்துருச்சு கண்ணு. இவன் கொடுத்தா வளருமா?"

பதில் சொல்ல முடியல.

அதனால மூளைச்சாவு அடைஞ்சவங்க குடும்பத்தோட சம்மதத்துக்காக, அரசுப் பதிவு வரிசையில காத்திருக்கார். 2008-ல ஹிதேந்திரனோட பெற்றோர் அப்படி சம்மதிச்சப்போ தமிழ்நாடே பேசுச்சு. 2023-ல இருந்து, உறுப்பு தானம் செஞ்சவங்க இறுதிச்சடங்கு அரசு மரியாதையோட நடக்குது.

உங்க வீட்டுல கல்லீரல் மாற்றினவங்க இருந்தா, ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் கிரியேட்டினினைப் பாருங்க. உங்க விருப்பத்தையும் வீட்டுல இன்னிக்கே சொல்லி வைங்க.

எஸ்டேட்ல பாதி இடத்துல சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரி போன் எப்போ வேணா வரலாம்னு, சித்தப்பா இப்போ சிக்னல் கிடைக்கிற வராண்டாவுல உக்காந்து தான் கணக்கு எழுதுறார்.