நம்ம ஊர்க்காரர் ரவிச்சந்திரன்

கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் திடல் படம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சம்பளம் போட்ட வாரத்தில் லோரியில் மெஷின் வந்து இறங்கும். பொழுது சாயும் முன்பே பாய், சாக்கு, பலகை என்று கிடைத்ததைப் போட்டு இடம் பிடித்துவிடுவோம். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத்துணி. இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்காருவார்கள். அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுழற்றுவார்.

அப்படி ஓர் இரவில்தான் 'காதலிக்க நேரமில்லை' பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது. பக்கத்தில் சித்தப்பா. படம் தொடங்கும் முன்பே அவர் லயத்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு சேதி சொன்னார்.

"கதாநாயகனா வர்றவரு யாரு தெரியுமா? நம்ம ஊர்க்காரரு. கோலாலம்பூர்ல பொறந்தவரு."

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. சினிமாக்காரர்கள் மெட்ராஸிலேயே பிறந்து மெட்ராஸிலேயே வளர்கிறவர்கள் என்பது எங்கள் எண்ணம். பால்மரமும் பட்டைச் சட்டியும் உள்ள நாட்டிலிருந்து ஒருவர் வெள்ளைத் துணிக்குள் போக முடியுமா?

சித்தப்பா சொன்னது உண்மைதான். ராமன் என்ற பெயரில் கோலாலம்பூரில் பிறந்து, இளம் வயதிலேயே தமிழகத்துக்குப் போய்த் திருச்சியில் படித்தவர் அவர். இயக்குநர் ஸ்ரீதர் அவரைக் கண்டெடுத்து, ரவிச்சந்திரன் என்று பெயர் வைத்து, 1964-இல் கதாநாயகன் ஆக்கினார். முதல் படமே கலர்ப் படம். முத்துராமன், பாலையா, நாகேஷ் என்று தேர்ந்த நடிகர்களுக்கு நடுவே ஒரு புதுமுகம் கொஞ்சமும் தயங்காமல் ஆடிப் பாடியது.

அந்தப் படத்தின் கதை எங்களுக்கு வேறு விதமாகவும் பிடித்தது. பாலையா எஸ்டேட் முதலாளி. ரவிச்சந்திரன் அவரிடம் வேலை பார்த்து, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் பேசாமல் மூட்டை கட்டவில்லை. முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு, ஆட்டம் பாட்டத்தோடு வேலையைத் திருப்பிக் கேட்கிறார். திடலே சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "நம்ம தொரை பங்களா முன்னுக்குப் போட்டுப் பாரேன்!" என்று கத்த, இன்னும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து சித்தப்பாவின் தலைமுடி மாறியது. முன்னால் தூக்கி வாரிய சுருள், கால்சட்டை இறுக்கம். பெரட்டுக்குப் போகும்போதுகூட அதே சீவல். தண்டல் கேலி செய்வார். சித்தப்பா கவலைப்பட மாட்டார். 'இதயக் கமலம்', 'குமரிப்பெண்', 'அதே கண்கள்', 'நான்', 'மூன்றெழுத்து' என்று அடுத்தடுத்து வந்த படங்களில் எங்கள் தோட்டத்துக்கு வந்ததை எல்லாம் அவர் விடவில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று திடல் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட காலம் அது. சித்தப்பா மட்டும் தனிக்கட்சி.

ஒரு விஷயத்தை அப்போது நான் அறியவில்லை. ரவிச்சந்திரன் இங்கே பிறந்து அங்கே போனவர். சித்தப்பா அங்கே பிறந்து இங்கே வந்தவர். இரண்டு வயதில் பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவருக்கு, கலும்பாங்கைத் தவிர வேறு ஊர் தெரியாது. அப்பா 1958-இல் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து நீலக் கார்டு எடுத்தபோது, சித்தப்பா சின்னப் பையன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அவர் கையில் இருந்தது சிவப்புக் கார்டு.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. தோட்டங்களில் பல்லாயிரம் பேர் அந்தக் காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு தமிழகம் திரும்பினார்கள். சித்தப்பாவுக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. கூடாரம் போட்டு வேலை கேட்க அவருக்கு எந்த வாசலும் இல்லை. ஒரு தாள் வந்தது, வேலை போனது, அவ்வளவுதான்.

1970-இல் கலும்பாங் ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்பினோம். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு பினாங்கிலிருந்து கப்பல். பாட்டி அழுதார். சித்தப்பா முடியைச் சீவிக்கொண்டே என்னைப் பார்த்து, "ரவிச்சந்திரனும் இப்படித்தான்டா கப்பல் ஏறியிருப்பாரு. அங்க போனா நானும் ஒரு கை பார்க்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டில் தங்கி, மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் பெயர் 'மலேயாக்காரர்'. கடைசி வரை அதுதான். இங்கே இந்தியாக்காரர், அங்கே மலேயாக்காரர்.

முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தது. அப்பா இருந்தவரை அப்பா பதில் எழுதினார். அப்பா போன பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. நான் எழுதவில்லை. வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாங்கள் இருக்கிறோம், நீங்கள் இல்லை என்பதை எந்த வார்த்தையில் எழுதுவது?

ரவிச்சந்திரனின் வாழ்க்கையிலும் எழுபதுகளில் வேகம் குறைந்துவிட்டது. புதியவர்கள் வந்தார்கள். கலர்ப் படம் எல்லோருக்கும் சாதாரணமானது. துள்ளி ஆடிய கதாநாயகனைக் காணோம் என்று நாங்களும் மறந்துவிட்டோம். 1986-இல் 'ஊமை விழிகள்' வந்தது. அதில் அவர் நடுவயது வில்லன். அந்த அழகான முகத்தை வைத்துக்கொண்டே பயமுறுத்தினார். அந்த ஆண்டு சித்தப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரிதான். நம்ம ஆள் திரும்பி வந்துவிட்டார், படம் பார்த்தாயா, வில்லனானால் என்ன, வேலை இருக்கிறதே என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்து அன்று சிரித்தேன். பதில் போடவில்லை.

இப்போது யோசித்தால் அந்தக் கடைசி வாக்கியம்தான் நிற்கிறது. முன்னால் நின்றவர் ஓரத்துக்கு வந்தாலும், கதாநாயகன் வேடம் போனாலும், கிடைத்த வேடத்தை ஒழுங்காகச் செய்துகொண்டு இருப்பது எளிதல்ல. கல்லாவில் உட்காரும் வயது வந்த பிறகும் சித்தப்பா பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். ரவிச்சந்திரனைப் பற்றி எழுதியபோது அவர் தன்னைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறார்.

2011 ஜூலை 25-ஆம் நாள் ரவிச்சந்திரன் சென்னையில் காலமானார். பத்திரிகையில் செய்தி பார்த்த அன்று இரவு, பழைய நோட்டில் எண்ணைத் தேடி எடுத்து, பல வருடங்களுக்குப் பிறகு சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியது, அவருடையது அல்ல, என்னுடையது.

"செய்தி பார்த்தீங்களா சித்தப்பா?"

"பார்த்தேன் தம்பி. அங்க பேப்பர்ல போட்டானா?"

"போட்டிருக்கான்."

"கோலாலம்பூர்ல பொறந்தவர்னு போட்டானா?"

"போட்டிருக்கான் சித்தப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவாயில்லை, மறக்கல" என்றார். நான் இத்தனை வருடம் எழுதாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டி சமாதியைப் பார்த்துக்கொள்கிறாயா, திடல் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். திடலில் செம்பனை போட்டுவிட்டார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. இருக்கிறது என்றேன்.

அதன்பின் அவர் இருந்தவரை மாதம் ஒருமுறை பேசினோம். இரண்டு வருடம்தான் கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் கப்பலேறிய ஒரு சித்தப்பாவோ, மாமாவோ, அத்தையோ உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். பழைய நோட்டில் முகவரி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடி எடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சினிமாவைப் பற்றிப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம்.