களாவும் அரளியும்

கடந்த ஆண்டு வைகாசித் திங்களில், திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஞாயிறு மறைக்கல்வி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரைப் புதரோரம் ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கை நிறையக் கருநிறப் பழங்களை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். உதடெல்லாம் கருஞ்சிவப்பு, விரலிடுக்கில் வெண்ணிறப் பால். கண்டதுமே அவன் கையைத் தட்டிவிட்டோம். பழங்கள் புழுதியில் சிதறின. துப்பச் சொல்லி நாம் போட்ட கூச்சலில் அவன் அழத் தொடங்கினான்.

நம் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. முன்னர்ப் பணியாற்றிய பங்கில், மஞ்சளரளிக் கொட்டையின் பருப்பைத் தின்ற சிறுமி ஒருத்தியை நாமே அடக்கம் செய்தோம். அம்மரம் நின்றது காட்டிலன்று. பங்கு இல்லத்துச் சுற்றுச்சுவரோரம். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து, அழகுக்காக வளர்க்கப்படுவது அது. பச்சைக் காய் முற்றிக் கறுக்கும். ஒடித்தால் பால் வடியும். அதன் நஞ்சு இதயத்துடிப்பைக் குலைத்து நிறுத்தும். அன்றுமுதல், பால் வடியும் செடியெல்லாம் நஞ்சு என்பதை நம் மறைக்கல்விச் சிறுவர்களுக்குப் பதினோராம் கட்டளையாகவே கற்பித்துவந்தோம்.

அழுகுரல் கேட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவன் பாட்டி வந்தார். இருளர் இனத்து மூதாட்டி.

“களாப்பழம் சாமி. மத்தியானத்துக்கு அவனுக்கு இதுதான்.”

குரலில் கோபமில்லை. அதுவே நமக்குக் கடினமாயிருந்தது. புதரருகே அழைத்துச் சென்று, “முள்ளப் பாருங்க சாமி. எல ரெண்டு ரெண்டா எதிரெதிரா நிக்குது. அரளிக்கு ஏது முள்ளு?” என்றார். பிந்திப் பூத்த கிளையொன்றில் ஐந்து இதழ்களோடு வெண்பூக்கள். மல்லிகையை நினைவூட்டும் மணம். காய் பச்சையாய்ப் பிறந்து, சிவந்து, பின் கறுக்கும். கறுத்தபின்னரே தின்ன வேண்டுமாம். ஒரு பழத்தைப் பிளந்து காட்டினார். உள்ளே சிறு தட்டை விதைகள். மஞ்சளரளியிலோ கல் போன்ற ஒற்றைக் கொட்டை.

தாவர நூலோர் களாவையும் அரளியையும் மஞ்சளரளியையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கின்றனர். பால் அக்குடும்பத்துச் சொத்து. உறவினரைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது போன்றதே நாம் செய்தது.

இவ்வூர்ச் சுடுகாட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார், பதிகமொன்றில் எட்டியையும் சூரையையும் காரையையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறார். எட்டி கொல்லும்; மற்ற இரண்டின் பழங்களும் ஆடு மேய்ப்போர் பறித்துத் தின்பவை. அவருக்குப் பெயர்கள் தெரிந்திருந்தன. நாமோ குருமடத்தில் அத்திமரத்துக்கும் கடுகுவிதைக்கும் விரிவுரை பல கற்றவர்கள். முட்செடியையும் திராட்சையையும் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். முட்செடியில் பறித்துப் பசியாறுவோர் நம் பங்கின் எல்லைக்குள்ளேயே இருப்பதை அறியோம்.

பாட்டி நீட்டிய பழத்தை உண்டோம். இனிப்பும் புளிப்பும், உதட்டில் பால் பிசுபிசுத்தது. புழுதியில் கிடந்தவற்றை அவர் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி முந்தானையில் துடைத்தார். நாமும் குனிந்து பொறுக்கினோம்.

அப்பையன் இன்றும் நம்மைக் கண்டால் கைகளை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொள்கிறான்.