எந்தக் காயில் நல்லது?



மெட்டல் டிடெக்டருக்கு எந்தக் காயில் வாங்கலாம் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

ஆணியில் கம்பி சுற்றி வகுப்பில் மின்காந்தம் செய்தோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பாடம்தான் இதுவும். ஒரு சுருள் காந்தப்புலத்தை அனுப்பும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அந்த மாற்றத்தை இன்னொரு சுருள் உணரும்.

வட்டத்துக்குள் வட்டமாக இருப்பது கான்சென்ட்ரிக். பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். இரும்புத்தாது மிகுந்த மண்ணில் தடுமாறும். ஆங்கில 'டி' வடிவச் சுருள்கள் இரண்டின் நேர்ப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது டபுள் டி. அந்த மாதிரி மண்ணுக்கு அதுவே மேல். பெரிய காயில் ஆழம் பார்க்கும். சின்னப் பொருளைத் தவறவிடும்.

ஆனால் எந்தக் காயிலும் பொருளின் வயதைச் சொல்லாது. நம் கீழ்செப்பிலி வாலியர் வீடுகள் பெருங்கற்காலக் கல்திட்டைகள். துருப்பிடித்த இரும்புத்துண்டுக்கும் கருவி கத்தும். புதையல் என்று நம்பிப் பலகைக்கல்லைப் புரட்டினால், பானை ஓடும் எலும்பும் கிடந்த நிலை கலைந்துபோகும். பிறகு எந்த ஆய்வாளராலும் அதைப் படிக்க முடியாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தம்பி, நிலத்தில் தொலைந்த மோதிரத்தைத் தேட வாங்கு. கல்திட்டைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே.