ஒரே தலைப்பில் இரண்டு புகார்

கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையிலிருந்து என்னிடம் வந்த வேலைநீக்க வழக்குகள் பெரும்பாலும் மருத்துவ விடுப்பு, தாமத வருகை, மேலாளரோடு வாய்த்தகராறு என்ற அளவில்தான் இருக்கும். கணினிக்குள் ஓடும் ஒரு சைகையைப் பற்றிய வழக்கு ஒன்றுதான் வாய்த்தது. பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. ஆறாண்டு வேலை பார்த்த தொழிற்சாலை அவரை நீக்கிய 53ஆம் நாள், தாயாரோடு என் சுங்கை பட்டாணி அலுவலகத்துக்கு வந்தார். மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரும் மனுவை 60 நாளுக்குள் கொடுக்காவிட்டால், 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடும். ஏழு நாள் மிச்சமிருந்தது.

குற்றச்சாட்டு ஒரே வரி: பழுதைப் 'பழுதல்ல' என்று எழுதி மூடியதால் ஒரு ஷிப்டின் உற்பத்தி நின்றது. ஆதாரம் ஒரு பிழை அறிக்கை. அதில் அவர் பெயர். படித்ததும் தோற்கிற வழக்கு என்றே நினைத்தேன். உண்மையில் அறிக்கைகள் இரண்டு என்பது மூன்றாவது சந்திப்பில்தான் எனக்கு உறைத்தது.

அந்தத் தொழிற்சாலையின் ஷெல் ஸ்கிரிப்ட் ஓடும்போது ஒரு பூட்டுக் கோப்பை உண்டாக்கும். அது இருக்கும்வரை அடுத்த ஓட்டம் தொடங்காது. முதல் அறிக்கை, கன்ட்ரோல்-சி அழுத்தியும் பூட்டு உடனே நீங்கவில்லை என்றது. உள்ளே ஓடிய சோதனை நிரல் கன்ட்ரோல்-சி அனுப்பும் 'இன்ட்' சைகையைச் சட்டை செய்யாமல் தன் வேலையை முடிக்கும். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் ஷெல் அதுவரை காத்திருந்து, பிறகுதான் 'டிராப்' வரியில் சொன்ன துப்புரவைச் செய்யும். சில நிமிடத்தில் பூட்டு தானே போய்விடும். இது பாஷின் இயல்பு என்று அவர் எழுதி மூடியது சரி. மூன்று வாரம் கழித்து இரவு ஷிப்ட் ஊழியர் ஒருவர் எழுதிய அறிக்கைக்கும் ஏறக்குறைய அதே தலைப்பு. ஆனால் அவர் ஸ்கிரிப்ட் ஓடிய கணினிச் சன்னலையே மூடியிருந்தார். அப்போது போவது வேறு சைகை, 'ஹப்'. டிராப் வரியில் 'இன்ட்' மட்டுமே இருந்ததால் ஸ்கிரிப்ட் அங்கேயே செத்தது. பூட்டு நிரந்தரமாகத் தங்கியது. யாரோ ஒரு மேலதிகாரி, 'இரண்டும் ஒன்றே' என்று குறித்து, இரண்டாவதை முதலாவதோடு சேர்த்துவிட்டார்; அதுவும் என் கட்சிக்காரர் மூடியதாகிவிட்டது.

தாயார்தான் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "எங்க பால் கொட்டாயிலயும் ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தோங்கய்யா. பேரப் பாத்தா கிராணி எட எழுதுவாரு? செக்ரோல் நம்பரப் பாத்துத்தானே எழுதுவாரு."

2021க்கு முந்திய நடைமுறைப்படி, சமரசம் முறிந்தபின் மனிதவள அமைச்சர் அனுப்பினால்தான் வழக்கு தொழில் நீதிமன்றத்தை எட்டும். ஓராண்டுக்கு மேல் அதிலேயே கழிந்தது. பினாங்கில் விசாரணை தொடங்கியதும், நிறுவனம் நடத்திய உள்விசாரணையில் இரண்டாவது அறிக்கையையே காட்டவில்லை என்று முழங்கினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 1995இன் வோங் யுவென் ஹோக் தீர்ப்பை நீட்டினார்: உள்விசாரணைக் குறையைத் தொழில் நீதிமன்றத்தின் புதிய விசாரணை ஈடுசெய்துவிடும். என் முழக்கம் அதோடு சரி. ஆனால் புதிதாகக் கேட்பது என்றால் முதலாளி புதிதாக நிரூபிக்கவும் வேண்டுமே. மடிக்கணினியில் இரண்டையும் செய்து காட்டினோம். கன்ட்ரோல்-சிக்குப் பிறகு பூட்டு மறைந்தது. சன்னலை மூடியதும் தங்கியது. சட்டச் சடங்குகளை விட வழக்கின் நியாயத்தையே பார்க்கச் சொல்லும் பிரிவு 30(5) எங்களுக்கு அன்று கைகொடுத்தது. நிறுவனச் சாட்சியிடம் இவை ஒரே பழுதா என்று கேட்டேன். "தலைப்பு ஒன்றாக இருந்தது" என்றார்.

நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டார் என்பது தீர்ப்பு. அதற்குள் அவர் பாயான் லெப்பாஸில் வேறு வேலைக்குப் போய்விட்டார்; திரும்பச் சேர்வது அவருக்கும் விருப்பமில்லை, ஆனால் அதைக் கேட்டால்தான் வழக்கே நிற்கும் என்பது அன்றைய நிலை. திரும்பச் சேர்ப்பதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் ஆறு மாதச் சம்பளமும், உச்சவரம்பான 24 மாதப் பின்சம்பளத்தில் புது வேலை வருமானம் போக மீதியும் கிடைத்தன. இரண்டாவது அறிக்கையை எழுதிய அந்த இரவு ஷிப்ட் ஊழியரை எந்தத் தரப்பும் சாட்சிக்கு அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.